மோட்டர் சைக்கிள் பார்க்க நம்ம கையால ஒரு மேடை

(உடப்புசல்லாவைப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் ஞாயிற்றுக்கிழமை நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு. பேசியபடியே தருகிறோம்.)



இதுவரை குடிதண்ணீர், பிள்ளைகளின் நிறை, வீட்டுக் கடன் என்றுதான் பேசி வந்தோம். இன்றைக்கு மோட்டர் சைக்கிளைப் பற்றி என்றதும் பின்வரிசைத் தம்பிமார் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாமார் மட்டும் "இது நமக்கு எதுக்கு" என்று பார்க்கிறீர்கள். காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வண்டியின் பின் சீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போவது நீங்கள்தானே? நீங்களும் கேளுங்கள்.

ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரைக்கும் ஒரு சின்ன ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டியும் அரிசி மூட்டையும் அதில்தான் போய் வந்தன. 1940களில் அது நின்றுபோனது. பிறகு பஸ், இப்போது மோட்டர் சைக்கிள். லயத்துக்கு இரண்டு வண்டி மூன்று வண்டி நிற்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஐந்து வருசமும் பழைய வண்டியைத்தான் ஓட்டினோம். விலையைப் பார்த்தால் இன்னும் கொஞ்ச காலம் அதையேதான் ஓட்டுவோம்.

ஆனால் அந்த வண்டியை நாம் பார்க்கிற விதம்? செயின் காய்ந்து கறகறவென்று சத்தம் போடும். பின் பிரேக் கம்பி இழுத்து இழுத்து நட் முடியும் இடத்துக்கு வந்திருக்கும். கேட்டால், "அடுத்த கிழமை கராஜுக்குக் கொண்டுபோறேன்" என்பார்கள். கராஜுக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும். இஸ்தோப்புக்கு முன்னால் சேற்றில் குந்தி, மழையில் நனைந்து, கழுத்தைத் திருப்பி அடியில் பார்க்கவும் யாருக்கும் மனசு வராது. அதைச் சோம்பேறித்தனம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நிற்க வசதி இல்லாத இடத்தில் வேலை நடக்காது, அவ்வளவுதான்.

வண்டியை உயர்த்த நம்ம ஆட்கள் செய்கிற வேலையையும் பார்த்திருக்கிறோம். லயத்து வளையில் கயிறு போட்டு முன் சக்கரத்தைத் தூக்குகிறார்கள். அந்த வளை நம்ம தாத்தா காலத்து மரம், ஐயா. கூரைத் தகரத்தைத் தாங்குவதே பெரிய காரியம். இன்னும் சிலர் கல்லை அடுக்கி இஞ்சினுக்குக் கீழே கொடுக்கிறார்கள். எங்களில் ஒருவரே இப்படிச் செய்து, கல் நழுவி, கால்மிதி பாதத்தில் இறங்கி, ஒன்றரை மாதம் கட்டோடு கிடந்தார். நாம் ஓட்டுகிற 100 சீசீ வண்டி 110 கிலோவுக்குக் கிட்ட வரும். அது சாயும்போது கையால் பிடிக்க முடியாது.

சமதரையில் இருக்கிறவர்கள் ஜாக்கியும் இரும்புச் சட்டமும் வைத்து வண்டியைத் தூக்குகிறார்கள். நமக்கு அது தேவையில்லை. மேலே ரோட்டு, அதற்கு இரண்டடி இரண்டரையடி கீழே முற்றம். பாதி லயங்களில் அமைப்பே அப்படித்தான். ரோட்டு மட்டத்துக்கு ஒரு பலகை மேடை அடித்து கீழ்ப் பக்கம் நீட்டிவிட்டால், வண்டியைத் தூக்கவே வேண்டாம். நேராக உருட்டிக்கொண்டு போகலாம். நாம் கீழே முற்றத்தில் நின்று இடுப்பு உயரத்தில் வேலை பார்க்கலாம். லொறிக்கு ரேம்ப் கட்டுவதும் இதே மாதிரிதான்.

ஒரு கண்டிப்பான விசயம். இதற்காக மண்மேட்டை வெட்டக் கூடாது. ஏற்கெனவே இருக்கிற கல்லுக்கட்டு உள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். லயத்துக்குப் பின்னால் ஒரு மண்வெட்டி மண்கூட எடுக்க வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு வந்து பிடுங்கு என்றால் உழைப்பு வீண்.

அளவைச் சொல்கிறோம், எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியின் நீளம் ஆறரை அடிக்குக் கிட்ட. மேடை ஏழரை அடி நீளம், நான்கு அடி அகலம் இருக்கட்டும். இரண்டடி போதாதா என்று கேட்பீர்கள். வண்டிக்குப் போதும், உருட்டுகிற ஆளுக்குக் கால் வைக்க இடம் எங்கே? நிறையப் பேர் விழுவது அங்கேதான். மரம் டர்பன்டைன் நல்லது. நாலு அங்குலக் கால்கள் ஆறு. இரண்டு பக்கமும் மூன்று மூன்று. ஒவ்வொரு காலும் தட்டைக் கல்லின் மேல் நிற்க வேண்டும், வெறும் மண்ணில் நட்டால் உக்கிவிடும். ரோட்டுப் பக்கத்திலும் தனிக் கால்தான். மேடையின் பாரத்தைக் கல்லுக்கட்டின் தலையில் ஏற்றாதீர்கள். இடைவெளிக்கு ஒரு பலகையைப் போட்டுக்கொள்ளலாம். காலுக்குக் காலுக்கு சாய்வாகச் சட்டம் அடிக்காவிட்டால் மேடை ஆடும். காலும் சட்டமும் சேருகிற இடத்தில் வெறும் ஆணி போதாது, போல்ட்டும் வாஷரும் போடுங்கள்.

மேல் பலகை ஒன்றரை அங்குலத் தடிப்பு. அதன் கீழே ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம், நடு ஸ்டாண்ட் இறங்குகிற இடத்தில் கட்டாயம் ஒன்று. நம்ம ஊர் மூடுபனியில் பலகை பாசி பிடித்து வழுக்கும்; கோழிக்கூட்டுக் கம்பி வலையை மேலே அடித்துவிட்டால் கால் நிற்கும். முன் சக்கரத்துக்கு இரண்டு பலகையை நிமிர்த்தி, நடுவில் டயரைவிட அரை அங்குலம் கூட விட்டு அடியுங்கள். முன்னால் ஒரு தடுப்பு. நடு ஸ்டாண்ட் போடும்போது வண்டி சில அங்குலம் பின்னால் வரும், அதனால் அந்த இரண்டு பலகையும் இரண்டடி நீளமாவது இருக்கட்டும். வண்டி ஏறுவதற்கு முன்னால் பெரிய ஆட்கள் மூன்று பேர் ஏறி ஆட்டிப் பாருங்கள்.

வண்டியை ஏற்றும்போது இஞ்சின் நிற்க வேண்டும். ஒருவர் இடது பக்கம் ஹேண்டிலைப் பிடிக்க, ஒருவர் பின்னால் தள்ள வேண்டும். ஓட்டிக்கொண்டு ஏற்றுகிற வீரம் வேண்டாம். ஸ்டாண்ட் போட்டதும் ஹேண்டிலின் இரண்டு பக்கத்திலிருந்தும் கயிற்றை மேடையில் கட்டுங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு ரீப்பையைக் குறுக்கே செருகுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. அதற்கு ஒரு ஆளைத் தனியாக வைத்தாலும் தப்பில்லை.

மேலே வந்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பிரேக். நம்ம ரோட்டில் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பின் டிரம்மைத் திறந்தால் உள்ளே தூசி இருக்கும், வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். லைனிங் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும், கம்பியை இழுத்துச் சமாளிக்கக் கூடாது. 2022இல் வாரத்துக்கு 4 லீட்டர் பெட்ரோல் தந்த காலத்தில் இஞ்சினை நிறுத்திவிட்டு இறக்கத்தில் உருட்டப் பழகினோம். அந்தப் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கில் விழுகிறது, சூடேறினால் பிடிக்காது. இரண்டாவது கியரில் இறங்குங்கள்.

செயினைத் துடைக்கும்போது இஞ்சினை ஓடவிட்டு துணியைப் பிடிக்கிற தம்பிமார் இருக்கிறார்கள். துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும். சக்கரத்தைக் கையால் சுற்றித் துடைக்க இன்னும் ஐந்து நிமிசம் போகும், போகட்டும்.

பழைய ஒயிலைக் கானில் ஊற்ற வேண்டாம். அந்தக் கான் போய்ச் சேருகிற ஓடையிலிருந்துதான் கீழ் லயத்துப் பீலிக்குத் தண்ணி வருகிறது. போத்தலில் சேர்த்து, ராகலைக்குப் போகிறவர்கள் கையில் கராஜுக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு மேடை ஒரு லயத்துக்கே போதும். யார் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று பேசிக்கொள்ளலாம். கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள். மழை வருவதற்குள் வெளியே போய் அந்தக் கல்லுக்கட்டை ஒரு தடவை அளந்து பார்த்துவிடுவோம், டேப் கொண்டுவந்திருக்கிறோம்.