சுவர் குடிக்கும் சாயத்திற்கும் கணக்கு உண்டு



தீபாவளிக்கு முன் சொந்த வீட்டுக்குச் சாயம் பூசுகிறவர் பெரிதாகக் கணக்குப் பார்ப்பதில்லை. கடைக்குப் போய் இரண்டு டின் வாங்கி வருவார். போதவில்லை என்றால் மறுநாள் மீண்டும் போவார். அவ்வளவுதான். ஆனால் ஒரு கடைவீட்டுக்கோ தொழிற்சாலைக்கோ பள்ளி மண்டபத்துக்கோ சாயம் பூசித் தருவதாக விலை எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிற குத்தகையாளரின் நிலைமை வேறு. எழுதிக் கொடுத்த தொகை எழுதிக் கொடுத்ததுதான். அதற்கு மேல் ஒரு வாளி தேவைப்பட்டால் அது அவருடைய கைக்காசு. ஒரு வேனும் நான்கைந்து ஆட்களுமாகத் தொழில் நடத்துகிறவருக்கு அந்த ஒரு வாளி பெரிய விஷயம்.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். 20 அடி அகலம், 70 அடி நீளம், 12 அடி உயரம். நம் நாட்டுக் கடைவரிசைகளில் சாதாரணமாகக் காணக்கூடிய அளவுதான். நான்கு சுவர்களின் சுற்றளவு 180 அடி. அதை உயரத்தால் பெருக்கினால் 2,160 சதுர அடி. முன்பக்க உருட்டுக் கதவு, பின் கதவு, சன்னல்கள் என ஏறத்தாழ 233 சதுர அடியைக் கழித்தால் மிச்சம் 1,927. ஒரு சதுர மீட்டருக்கு 10.76 சதுர அடி என்பதால் இது 179 சதுர மீட்டர். இரண்டு பூச்சு என்றால் 358. இதுவரை தவறு வர வாய்ப்பில்லை. அளவு நாடாவும் பொறுமையும் இருந்தால் போதும்.

தவறு அடுத்த வரியில்தான் வருகிறது. டின்னில் "ஒரு லிட்டருக்கு 12 சதுர மீட்டர்" என்று அச்சிட்டிருக்கிறது. 358ஐ 12ஆல் வகுத்தால் 30 லிட்டர். கடைக்காரர்கள் 'தோங்' என்று சொல்கிற 18 லிட்டர் வாளி இரண்டு வாங்கினால் 36 லிட்டர். ஆறு லிட்டர் மிஞ்சும் என்ற நிம்மதியோடு கொட்டேஷன் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தவர்கள் குறைவு. ஒரு லிட்டர் சாயத்தை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் அதன் தடிமன் சரியாக ஒரு மில்லிமீட்டர், அதாவது 1,000 மைக்ரோன். அதையே 12 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரமாக இருக்கும்போது 83 மைக்ரோன். இந்தச் சாயத்தில் கன அளவில் 36 விழுக்காடுதான் திடப்பொருள். மற்றது தண்ணீர், காற்றோடு போய்விடும். காய்ந்த பிறகு சுவரில் நிற்பது 30 மைக்ரோன். ஆக, டின்னில் இருக்கும் எண், கண்ணாடி போன்ற வழுவழுப்பான பரப்பில், ஒரு துளியும் வீணாகாமல், மெல்லியதாகப் பூசினால் கிடைப்பது. அது பொய்யல்ல. ஆனால் அது கடைச் சுவருக்கான எண்ணும் அல்ல.

கடைச் சுவரில் மேடு உண்டு, பள்ளம் உண்டு. பழைய ஆணித் துளைகளை அடைத்த இடங்கள் உண்டு. ரோலரும் தட்டும் வாளியின் அடியும் தமக்கென்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பள்ளங்கள் நிறைந்து, சராசரியாக 40 மைக்ரோன் நிற்க வேண்டுமானால் அதே லிட்டர் 9 சதுர மீட்டருக்குத்தான் வரும். இப்போது மீண்டும் வகுத்துப் பாருங்கள்: 358ஐ ஒன்பதால் வகுத்தால் ஏறக்குறைய 40 லிட்டர். கையில் இருப்பதோ 36. நான்கு லிட்டர் குறைகிறது.

அந்த நான்கு லிட்டர் எங்கிருந்து வரும்? யோக்கியமானவர் கடைக்குப் போய் வாங்கி வருவார், இலாபத்தில் ஒரு பகுதியை இழப்பார். இன்னொருவர் குழாயைத் திறப்பார். தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்குத் தண்ணீர் கலப்பது முறையான வேலை. அதற்கு மேல் போனால் சாயத்தின் மூடும் சக்தி குறைகிறது, படலம் மெலிகிறது. வேலை முடிந்த அன்று எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். சில காலம் கழித்துச் சுவரில் சாய்ந்தவரின் சட்டையில் வெள்ளைத் தூள் ஒட்டும். அந்த வாடிக்கையாளர் மறுமுறை கூப்பிட மாட்டார். காரணத்தையும் சொல்ல மாட்டார்.

இன்னும் ஒரு வழியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆட்களின் ஒரு நாள் கூலியைப் பிடித்து வைப்பது. கொட்டேஷனில் நேர்ந்த பிழைக்கு ஏணியில் நின்றவர் பணம் கட்டுகிறார். இது நடக்கக் கூடாத காரியம்.

சீலரை மறந்துவிடுவது இன்னொரு பெரிய ஓட்டை. பழைய சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு ஒட்டினால் அந்தச் சுவர் சாயத்தைக் குடிக்கும். புதுச் சிமெண்டுப் பூச்சும் அப்படித்தான். முதலில் சீலர் ஒரு பூச்சு கொடுக்காவிட்டால், விலை உயர்ந்த மேல்சாயம்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்று வைத்தால் இதே கடைக்கு 22 லிட்டர் சீலர் வேண்டும். ஒரு தோங் போதாது. அது கொட்டேஷனில் தனி வரியாக இருக்க வேண்டும்.

நிறத்துக்கும் கணக்கு உண்டு. வெள்ளைக்கு மூடும் சக்தியைத் தருவது டைட்டானியம் டையாக்சைடு. வெளிர் நிறங்களிலும் அது தாராளமாக இருக்கும். பளிச்சென்ற மஞ்சளிலும் சிவப்பிலும் அது குறைவு. முன்பு மஞ்சளுக்கு நல்ல மறைப்பைக் கொடுத்த ஈயக் குரோமேட் நஞ்சு என்பதால் ஈயமில்லாச் சாயங்களில் அது கிடையாது. கடைக்காரர் தன் நிறுவன நிறம் சிவப்பு என்று கேட்டால் இரண்டு பூச்சோடு வேலை முடியாது. மூன்று, சில சமயம் நான்கு. சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு கொடுத்தால் ஒரு பூச்சு மிச்சமாகலாம். நிறம் எதுவென்று கேட்காமல் விலை சொல்வது கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவதுதான்.

தொழிற்சாலையின் நெளி தகரச் சுவரை நேராக அளக்கக் கூடாது. ஒரு கயிற்றை எடுத்து மேட்டிலும் பள்ளத்திலும் ஒட்டி வைத்து, பிறகு நீட்டி அளக்க வேண்டும். தெளிப்பான் கொண்டு வெளியில் அடிப்பவர்கள் காற்றுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும்.

இத்தனை ஊகங்களையும் குறைக்க ஒரு எளிய வழி உண்டு, அதைச் செய்பவர்கள் குறைவு. விலை கொடுப்பதற்கு முன் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, வெளியில் தெரியாத ஒரு மூலையில் நான்கு சதுர மீட்டரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சாய வாளியை ஒரு தராசில் நிறுத்து, அந்த இடத்தைப் பூசி, மீண்டும் நிறுங்கள். ஒரு லிட்டரின் எடை எவ்வளவு என்பது தயாரிப்பாளரின் விவரத்தாளில் இருக்கும். சாதாரண எமல்ஷன் 1.3 கிலோ அளவில் வரும். அந்தச் சுவர், அந்த ரோலர், அந்த ஆளின் கை, மூன்றுக்கும் சேர்த்து உண்மையான எண் அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் கூடிப் பள்ளிக்குச் சாயம் பூசும்போதும் இதைச் செய்யலாம். அனுபவமில்லாத கைகள் கூடுதலாகச் செலவழிக்கும் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

அதற்காக அள்ளி வாங்கி வைப்பதும் சரியல்ல. நிறம் கலந்த சாயத்தைக் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை. குறைவாக வாங்கிவிட்டுப் பிறகு வாங்கினாலோ, அதே எண்ணுள்ள நிறமே சற்று மாறி வரலாம். ஒரே சுவருக்கான வாளிகளை ஒரு பெரிய பீப்பாயில் ஒன்றாகக் கலந்துகொள்வது நல்லது. பிறகு வாங்கியதைப் புதிய சுவரில், மூலையிலிருந்து தொடங்க வேண்டும். நடுச்சுவரில் மாற்றினால் வெளிச்சம் பட்டதும் கோடு தெரியும்.

கட்டட உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆகக் குறைந்த விலையைப் பார்த்து மகிழ்வதற்கு முன், எத்தனை சதுர மீட்டர், எந்தச் சாயம், எத்தனை பூச்சு, எத்தனை லிட்டர் என்று எழுத்தில் கேளுங்கள். மூன்று கொட்டேஷன்களில் இரண்டு 40 லிட்டர் என்றும் ஒன்று 30 லிட்டர் என்றும் இருந்தால், கேள்வி கேட்க வேண்டியது அந்த மூன்றாவதைத்தான். வேலை முடியும்வரை காலி வாளிகளை அங்கேயே வைத்திருக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள். நேர்மையான குத்தகையாளர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மிஞ்சுவதில் ஒரு லிட்டரைச் சிறிய டின்னில் இறுக மூடி உரிமையாளரிடமே கொடுத்துவிடலாம். நிற எண்ணையும் பூசிய தேதியையும் மூடியில் எழுதாமல் டின்னின் பக்கத்தில் எழுதுங்கள். மூடிகள் இடம் மாறிவிடும்.