பல ஊர்ப் பலகைகள், ஒரே நேரம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உன் தொழிலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கடைகளில் மாட்டியிருக்கும் டிஜிட்டல் போர்டுகளில் எந்த ஊரில், எந்த நேரத்தில், எது தெரிய வேண்டும் என்று ஓரிடத்தில் உட்கார்ந்து அட்டவணை போட்டு அனுப்புவது என் தொழில். சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று கிளை வைத்திருப்பவர்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். "டி.வி. மாட்டவா இன்ஜினீயரிங் படிச்சே?" என்று கேட்காத உறவினர் இல்லை. மாட்டுவது சுலபம்தான். அதில் பொய் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

எல்லோரும் அறிந்த உதாரணம் பெட்ரோல் பங்க். முன்பு மாதம் இருமுறை விலை மாறியது. 2017 மே 1 அன்று புதுச்சேரி உள்ளிட்ட 5 ஊர்களில் தினசரி விலை மாற்றத்தைச் சோதித்துவிட்டு, ஜூன் 16 முதல் நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். 50,000-க்கும் மேற்பட்ட பங்குகள்; ஒரே நேரத்தில் மாற வேண்டும். லாரி வாடகைச் செலவைப் பொறுத்து ஊருக்கு ஊர் சில பைசா வித்தியாசமும் உண்டு.

நள்ளிரவு 12 மணிக்கு மாற்றுவதாகத்தான் முதலில் திட்டம். டீலர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தானியங்கி வசதி உள்ள பங்கில் மையத்திலிருந்தே மாற்றிவிடலாம். மற்ற இடங்களில் அர்த்தராத்திரியில் யார் உட்கார்ந்து மாற்றுவது? கடைசியில் காலை 6 மணி என்று முடிவாயிற்று. நேரத்தைத் தீர்மானித்தது கம்ப்யூட்டர் அல்ல, பங்கில் வேலை செய்கிறவரின் தூக்கம்! லாரித் தொழிலை நம்பியிருக்கும் நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் டீசல் விலையின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. போர்டில் நேற்றைய விலையும் மெஷினில் இன்றைய விலையும் இருந்தால், டிரைவர் சண்டைக்கு நிற்பது எண்ணெய்க் கம்பெனியோடு அல்ல. குழாயைப் பிடித்து நிற்கும் பையனோடு.

கடைகளிலும் இதே கதைதான். நாங்கள் போவதற்கு முன்பு ஒரு கடையில், "இன்று மட்டும்" என்ற தள்ளுபடி மறுநாள் காலையிலும் ஒரு கிளையில் ஓடிக்கொண்டிருந்தது. இரவு இணைப்பு போய்விட்டது. புது விளம்பரம் வந்து சேரவில்லை. "போர்டுல போட்டிருக்கே, ஏன் தரமாட்டே?" என்று வாடிக்கையாளர் பிடித்துக்கொண்டார். வித்தியாசத் தொகையை பில் போடும் பெண்ணே கைக்காசு போட்டுக் கட்டினாராம். அவர் செய்த குற்றம் என்ன?

ஆகவே நாங்கள் சில விதிகள் வைத்திருக்கிறோம்.

முதலாவது, நாளைய சரக்கு இன்றே கடைக்குப் போய்ச் சேர வேண்டும். நம்மூர் பஸ் டிரைவர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் முதலாளிக்குப் போன் போட்டு "கிளம்பட்டுமா?" என்று கேட்பதில்லை, டைமிங் அவரிடமே இருக்கிறது. அதுபோல, இணைப்பு இல்லாவிட்டாலும் நேரம் வந்தால் திரை தானே மாற வேண்டும்.

இரண்டாவது, தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரமும் எழுதியிருக்க வேண்டும். முடிந்தபின் புதியது வரவில்லையா? கடையின் பெயர் மட்டும் தெரியட்டும். பழைய விலையைவிட வெறும் பெயர் மேல்.

மூன்றாவது கடிகாரம். ராஸ்பெர்ரி பை போன்ற மலிவான சின்னக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் நேரம் காக்கும் பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்து, இணைப்பும் இல்லையென்றால் தேதியே தவறிவிடும். அதற்கென்று தனி பேட்டரி வைத்த கடிகாரச் சில்லு பொருத்துகிறோம். இன்னொன்று: சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. கவனிக்காமல் "காலை 6" என்று போட்டால், நம்மூரில் பகல் 11.30-க்குத்தான் போர்டு மாறும்.

நான்காவது, ஊருக்கு ஒரு நாட்காட்டி. ஆடியில் சேலத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டம். கொல்லிமலையில் ஆடி 17, 18 வல்வில் ஓரி விழா. கொங்கணாபுரத்தில் சனிக்கிழமை சந்தை. ஆபீசில் உட்கார்ந்து ஒரே அட்டவணையை எல்லா ஊருக்கும் தள்ளினால் வியாபாரம் கெடும். விலை தலைமைக் கடையிலிருந்து வரட்டும். உள்ளூர் அறிவிப்புக்குக் கொஞ்சம் இடம் கிளை மேனேஜர் கையில் இருக்கட்டும். தப்பாக ஏதாவது தெரிந்தால் உடனே நிறுத்த, கவுண்டரில் ஒரு பட்டனும் வேண்டும்.

கடைசியாக, போர்டும் பில்லும் ஒரே விலைப்பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு இடத்தில் டைப் அடித்தால் என்றாவது ஒருநாள் மாறிப்போகும். எந்தத் திரையில் எத்தனை மணிக்கு எது ஓடியது என்ற பதிவும் இருந்தால், வீண்பழி யார் தலையிலும் விழாது.

தம்பி தங்கைகளுக்கு ஒரே வார்த்தை. புராஜெக்ட் செய்யும்போது லேபோடு நின்றுவிடாதீர்கள். நீங்கள் செய்யும் கருவி நாளை எங்கே மாட்டப்படுமோ, அங்கே அரை நாள் போய் நில்லுங்கள். அதற்குக் கீழே நின்று பதில் சொல்லப்போகிறவர் யார் என்று பாருங்கள். அவருக்குத் தலைகுனிவு வராமல் செய்வதுதான் நல்ல இன்ஜினீயரிங் என்பது என் தாழ்மையான கருத்து.