எஞ்சின் இல்லாத விமானத்தில் இரண்டு நாள்



வைத்தியம் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் கிளைடர் பற்றிச் சொல்லப்போகிறேன். வைத்தியமும் இடையில் வரும்.

ஸ்கொட்லாந்தில் லொக் லீவன் ஏரிக்கருகே போர்ட்மோக் என்றொரு கிளைடர் தளம். கழக நண்பர்களோடு அங்கே ஒரு வார இறுதி. சனிக்கிழமை நல்ல மேற்குக் காற்று, எங்கள் கச்சான் மாதிரி. அது பிஷப் ஹில் சரிவில் மோதி மேலெழும். அந்த எழுச்சியில், மலைக்கு எதிர்ப்பக்கமாகவே திரும்பித் திரும்பி, முகட்டோரம் போய்வந்தோம்.

ஞாயிறு, அலை. ஓடையில் கல்லைத் தாண்டிய நீர் துள்ளுவதுபோல, மலையைத் தாண்டிய காற்றும் மேலும் கீழும் துள்ளும். அதன் ஏறுமுகத்தில் ஒரு குலுக்கலும் இல்லை. 14,000 அடி வரை போனோம்.

அந்த உயரத்தில் ஒட்சிசன் குறைந்தால் மூச்சுத்திணறல் முதலில் வராமலே போகலாம். ஆள் உற்சாகமாகிவிடுவார், அதுதான் பயம். பின் இருக்கையில் விமானம் ஓட்டிய ஓய்வுபெற்ற தபால்காரர் திடீரென்று பகிடி மேல் பகிடி விட்டார். எனக்கு அவர் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். “100 இலிருந்து ஏழு ஏழாகக் குறையுங்கள்” என்றேன். 93, 86... பிறகு சிரிப்பு. கட்டுப்பாட்டை நான் வாங்கி, இறக்கத் தொடங்கினேன். குழாயைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். இருக்கைப் பட்டிக்குள் மடிந்து கிடந்ததாம். நிமிர்த்தினார். சற்றுநேரம் மௌனம்.

“79” என்றார், கொஞ்சம் கோபமாக.