கடல் தாண்டினால் மூன்று ஏட்டில் பெயர் இருக்கணும்



அடுத்த வாரமோ அடுத்த மாதமோ விமானம் ஏறப்போகிற தம்பி தங்கைகள் இங்கே இருக்கீங்க. வழியனுப்பப் போகிற அப்பா அம்மாக்களும் வந்திருக்கீங்க. எல்லாரும் செல்போனைக் கையிலேயே வச்சுக்குங்க. பேச்சு முடியும்போது அதில் ஒரு சின்ன வேலை இருக்கு.

முதலில் நம்ம ஊர்க் கதை. பெரிய கோயிலின் வெளித் திருச்சுற்றில் ராஜராஜ சோழன் காலத்து நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பல ஊர்க் கோயில்களில் இருந்து தஞ்சாவூருக்குக் குடியேற்றப்பட்ட 400 ஆடல் பெண்களின் பட்டியல் அது. எந்தத் தெரு, தெருவில் எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு 100 கலம் நெல். அதோடு விடவில்லை. அவர்களில் ஒருவர் இறந்துபோனாலோ வேறு தேசம் போய்விட்டாலோ அந்தப் பங்கு நெருங்கிய உறவினருக்குப் போக வேண்டும் என்றும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கவனிச்சீங்களா? ஊர் மாறி வந்தவரின் பெயர், புது விலாசம், சொந்த ஊர், உரிமை, அவருக்குப் பின் யார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பார்த்த அந்த வேலையைத்தான் இன்றைக்கு நீங்க வெளிநாட்டில் இறங்கியதும் செய்யணும்.

செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஊரில் பலருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவன் நான். ஒருநாள் ராத்திரி ஓர் அம்மா அழுதுகொண்டே வந்தார். "பையன் ஆஸ்பத்திரியில இருக்கானாம் தம்பி, கூட வேலை பாக்கிற யாரோ போன் பண்ணாங்க, லைன் கட்டாயிருச்சு" என்றார். எந்த நாடும்மா என்று கேட்டேன். "துபாய்" என்றார். கம்பெனி பேர் தெரியவில்லை. பாஸ்போர்ட் நம்பர் தெரியவில்லை. ரெண்டு நாள் துபாயில் இருக்கிற நம்ம ஊர்க்காரங்க மூலமா விசாரித்தோம். அப்படி ஒருத்தர் அங்கே இல்லவே இல்லை. கடைசியில் பையன் எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தோம். சட்டைப் பையின் மேல் கம்பெனி பெயர் இருந்தது. அவர் இருந்தது ஓமனில்! நம்ம பக்கத்தில் வளைகுடா என்றாலே துபாய்தானே. நல்லவேளை, பையன் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ரெண்டு நாள் அந்த அம்மா பட்ட பாடு யாருக்கும் வரக்கூடாது.

அதனால்தான் சொல்கிறேன், உங்க பெயர் மூன்று ஏட்டில் இருக்கணும்.

முதல் ஏடு, போய் இறங்குகிற நாட்டினுடையது. விசா என்பது உள்ளே நுழைய அனுமதி. அங்கே வசிப்பதற்குத் தனிப் பதிவு உண்டு. சவுதியில் அதற்கு இகாமா என்று பெயர். நீங்க இறங்கிய 90 நாளுக்குள் அதை எடுத்துத் தர வேண்டியது முதலாளி, கட்டணமும் அவருடையது. அமீரகத்தில் மருத்துவப் பரிசோதனையும் கைரேகையும் முடிந்து எமிரேட்ஸ் அடையாள அட்டை வரும். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டுக்கு மருத்துவப் பரிசோதனை, கைரேகை, போட்டோ உண்டு. நீங்க தங்கியிருக்கும் விலாசத்தையும் முதலாளி அரசுக்குத் தெரிவிக்கணும். கம்ப்யூட்டர் வேலைக்கோ படிப்புக்கோ ஜெர்மனி போகிறவர்கள் வீடு குடியேறி 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதியணும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் கேட்பாங்க. ஜப்பானிலும் அதே 14 நாள்தான்.

இந்த அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, வீட்டுக்குப் பணம் அனுப்புவது எல்லாமே சிக்கல். ஒருநாள் சோதனையில் நிறுத்தினால், நேர் வழியில் வந்தவர்கூட சட்டவிரோதமாகத் தங்கியவராகக் கணக்கில் வந்துவிடுவார். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று கம்பெனி சொன்னால், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்று எழுதி வையுங்க. கெடு தாண்டினால் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவியுங்க. வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" இணையதளத்திலும் புகார் போடலாம், அது 2015 முதல் நடக்கிறது. இன்னொன்று, பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதை வாங்கிப் பூட்டி வைக்க முதலாளிக்கு உரிமை கிடையாது.

இரண்டாவது ஏடு, இந்தியத் தூதரகத்தினுடையது. "என்னையெல்லாம் தூதரகம் எதுக்குத் தேடப்போகுது?" என்று நினைக்காதீங்க. 1990-இல் குவைத்துக்குள் ஈராக் படை புகுந்தபோது, 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களை அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவந்தார்கள். 2020-இல் கொரோனா காலத்தில் மே 7 முதல் வந்தே பாரத் விமானங்கள் பறந்தன. தூதரகத்தில் பெயர் பதிந்தவர்களின் பட்டியலை வைத்துத்தான் யாரை ஏற்றுவது என்று முடிவு செய்தார்கள். தூதரகத்தின் இணையதளத்தில் பதிவுப் படிவம் இருக்கும். அறை மாறினால், கம்பெனி மாறினால், அதையும் மாத்திடுங்க. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு ஒரு சேதி: அங்கே குழந்தை பிறந்தால் ஒரு வருஷத்துக்குள் தூதரகத்தில் பதியணும். அந்தக் குழந்தையின் இந்தியக் குடியுரிமை அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது ஏடு நம்ம ஊரில். புறப்படும்போதே இது தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் குடியேற்ற அனுமதி தேவை என்று இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போக இ-மைக்ரேட் தளத்தில் அனுமதி வாங்கணும். அதோடு ஒரு காப்பீடும் எடுக்கணும். 2 வருஷத்துக்கு 275 ரூபாய், 3 வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் உயிர் போனாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய். சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்பும் ஆள் இது ரெண்டையும் தாண்டிப் போகச் சொல்கிறார் என்றுதான் அர்த்தம். ஏஜென்டின் பெயர் அதே தளத்தில் இருக்கிறதா என்றும் பாருங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான்.

நம்ம மாநிலத்தில் இதற்கென்றே 2011-இல் வெளிநாடுவாழ் தமிழர் நலச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிவு செய்யுங்க. அவசரத்துக்கு இந்தியாவுக்குள் 1800 309 3793, வெளிநாட்டிலிருந்து +91 80 6900 9900, +91 80 6900 9901. இந்த எண்களை இப்பவே சேமிச்சுக்குங்க.

சரி, ஆரம்பத்தில் சொன்ன வேலை. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, வேலை ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வீட்டில் ரெண்டு பேருக்கு அனுப்புங்க. போய்ச் சேர்ந்ததும் அட்டை வந்த அன்றைக்கே அதன் ரெண்டு பக்கமும், தங்கும் விலாசமும், கம்பெனி பெயரும், கூட இருக்கும் ஒருவரின் எண்ணும் அனுப்புங்க. அப்பா அம்மாக்களே, போன் உடைஞ்சுபோகலாம், சார்ஜ் இல்லாமல் போகலாம். அதனால் ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்க. நாட்டின் பெயரை முதலில் எழுதுங்க. துபாயா, ஓமனா என்று பையனிடமே கேட்டு எழுதுங்க.

நம்ம பக்கத்தில் யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை, "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்வோம். நல்லபடியாகத் திரும்பி வர, எங்கே இருக்கோம் என்று நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும். பதிஞ்சுட்டுப் போங்க. நல்லபடியா போயிட்டு வாங்க.