நெல் பூக்கும் நேரம்

(திருவையாற்றில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



திருவையாற்றுக்காரர்களுக்கு நேரலை புதிதில்லை. ஆண்டுதோறும் பகுள பஞ்சமியன்று காவிரிக் கரையில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் பாடும்போது வானொலியும் தூர்தர்ஷனும் அதை நாடெங்கும் கொண்டுபோகின்றன. அதற்கு எத்தனை கருவிகள் வந்து இறங்குகின்றன என்று பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப்போகும் நேரலைக்கு வேண்டியவை மூன்றுதான்: உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கணினி ஒன்று, பழைய வெப்கேம் ஒன்று, ஒரு வாளி நெற்பயிர்.

ஏழாம் வகுப்பில் தாவர இனப்பெருக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் செம்பருத்தியைப் பிரித்துக் காட்டிவிட்டு, "நெல் பூத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. பாதிப் பேர் வீட்டில் நெல்தான் சாப்பாடு போடுகிறது. உண்மையைச் சொன்னால் நானும் பார்த்ததில்லை.

காரணம் எளிது. நெற்பூ பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கு மேல் பதினொன்றரைக்குள் திறக்கும். ஒரு பூ திறந்திருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். ஒருநாள் வரப்புக்கே அழைத்துப் போனேன். நெல்மணி அளவுள்ள பூவை வரப்பில் வரிசையாக நின்று எத்தனை பேர் பார்க்க முடியும்? முதல் நான்கு பேர் பார்த்தார்கள். மற்றவர்கள் சேற்றில் காலை விட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

இதைப் போன்ற சிக்கல் 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் வந்தது. அங்கே பிரச்சினை காபி. பல அறைகளுக்கும் பொதுவாக ஒரே காபிப் பாத்திரம். நடந்து போய்ப் பார்த்தால் காலியாக இருக்கும். குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் அதன் முன் ஒரு கேமராவை வைத்தார்கள். 128-க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம், நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று முறை மாறும். காபி இருக்கிறதா என்று தெரிய அது போதும். 1993-இல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது, 2001-இல் நிறுத்தப்படும் வரை உலகமே பார்த்தது. அதை அனுப்பியது ஏகார்ன் ஆர்க்கிமிடீஸ் என்ற கணினி. அதிலிருந்த ஆர்ம் வகைச் செயலியின் வழிவந்ததுதான் ராஸ்பெரி பையிலும் உங்கள் கைபேசியிலும் இருக்கிறது.

'எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்' என்று அவர்கள் முதலில் கேட்டுக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை. முதல் நாளே நொடிக்கு முப்பது படம் என்று வைத்தேன். வெப்கேம் ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காகச் சுருக்கித் தந்துவிடுகிறது. எம்ஜேபெக் ஸ்ட்ரீமர் மென்பொருள் அதை அப்படியே வாங்கி அனுப்புகிறது. ஆகவே சிறிய கணினிக்குச் சிரமமில்லை. சிரமம் எங்கள் வைஃபைக்கு. படம் ஒன்று சுமார் 100 கிலோபைட் என்றால் நொடிக்கு முப்பது படத்துக்கு 24 மெகாபிட் வேண்டும். ஒரு கணினிக்கே அவ்வளவு. ஐந்தாவது கணினியைத் திறந்ததும் எல்லாம் உறைந்துவிட்டது.

நெற்பூ ஓடவா போகிறது? நொடிக்கு இரண்டு படம் என்று குறைத்தேன்; படத்தின் அளவைக் குறைக்கவில்லை. ஒரே கணினியில் திறந்து புரொஜெக்டரில் காட்டினேன். மலிவான வெப்கேமின் லென்ஸை மெதுவாகத் திருகினால் பலவற்றில் மிக அருகிலுள்ள பொருளும் தெளியும். வயலில் காற்று கதிரை ஆட்டியதால்தான் வாளிப் பயிருக்கு வந்தோம்.

மின்சாரம் பற்றி இரண்டு வார்த்தை. கேமராவோடு சேர்த்து நான்கு வாட் என்று வைத்தாலும், இரவு பகல் ஓடினால் ஒரு யூனிட் ஆகப் பத்து நாள் பிடிக்கும். ஆனால் மெல்லிய சார்ஜர் வயரைப் போடாதீர்கள். மின்னழுத்தம் குறைந்து கணினி தானாக நின்று எழும். மின்தடையில் எனக்கு ஒரு மெமரி கார்டே போய்விட்டது. இப்போது கார்டில் எதுவும் எழுதாதபடி அமைத்து, பள்ளிக்கூட நேரம் முடிந்ததும் முறையாக அணைக்கிறேன்.

கேமரா பள்ளி வளாகத்துக்குள் மட்டும்தான் ஓடுகிறது. "வகுப்பையும் காட்டுங்களேன், வீட்டிலிருந்து பார்க்கலாமே" என்று சில பெற்றோர் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். பிள்ளைகள் பார்க்கத்தான் கேமரா, பிள்ளைகளைப் பார்க்க இல்லை.

ஆவணி தொடங்கியிருந்தது. ஒன்பதே முக்காலுக்கு உமி இரண்டாகப் பிளந்தது. ஆறு மகரந்தப்பைகள் வெளியே வந்து தொங்கின. வகுப்பில் சத்தமே இல்லை. வெயில் 35 டிகிரிக்கு மேல் போனால் இந்த நேரத்தில்தான் சூல் பிடிக்காமல் பதராகும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"டீச்சர், எங்க அப்பா காலையில பத்து மணிக்குத்தான் மருந்து அடிக்கிறாங்க. பூ திறந்திருக்கும்போது அடிக்கலாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். மாலையில் வேளாண்மை அலுவலரைக் கேட்டேன். பூக்கும் காலத்தில் காலையில் தெளிக்கக் கூடாது, அவசியமென்றால் பிற்பகலுக்குமேல் தெளிக்கலாம் என்றார். மறுநாள் பையனிடம் சொன்னேன். அதற்கு அடுத்த நாள் அவன் அப்பா பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "அந்தப் பூவை நானும் ஒரு தடவை பார்க்கலாங்களா?" என்று கேட்டார்.

கடைசி பெஞ்சில் இடம் போட்டுக் கொடுத்தோம்.