மருந்தோடு துணையும்



1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்து படகேறியோர் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். புத்தளத்து மக்கள் உலையேற்றிச் சோறிட்டனர். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். தென்னந்தோட்டங்களில் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. சில வாரங்களில் ஊர் திரும்பலாமென்று வந்தவர்கள் நம்பினர். இருபது ஆண்டுகள் கழிந்தன.

2011ஆம் ஆண்டில், அம்மக்களுள் வளர்ந்தோர் 450 பேரிடம் ஆய்வாளர் சிலர் மனநலம் பற்றி விசாரித்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேரிடம் மனநோய்க் குறிகள் தென்பட்டன. போரின் பயங்கரத்தை மீண்டும் மீண்டும் காணும் நோய்தான் மிகுந்திருக்குமென்று நாம் நினைப்போம். அஃது இருந்ததோ நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடமே. நூற்றுக்கு 14 பேரைப் பீடித்திருந்தது, மனத்துயர் உடல் உபாதையாக வெளிப்படும் நோயாகும்.

இதன் பொருள் யாது? ஒரு பெண் நெஞ்சு நோகிறது, கை கால் உளைகிறது என்று வைத்தியசாலைக்கு வருகிறாள். சோதனையில் ஒன்றும் தெரிவதில்லை. வலி மாத்திரையுடன் வீடு செல்கிறாள். அடுத்த மாதம் வேறொரு வைத்தியரை நாடுகிறாள். அவள் பொய் சொல்லவில்லை, வலி மெய்யானதே. கணவனை இழந்தோரும் பிரிந்தோரும் இத்தகைய நோய்களுக்கு ஆளாகும் சாத்தியம் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அவ்வாய்வு கண்டது. தொழிலின்மையும் உணவுத் தட்டுப்பாடும் உடன் காரணங்களாயின. இவற்றுக்கு எந்த மருந்துக்கடையில் மருந்து உண்டு?

இதே கரையை ஒரு காலத்தில் மலேரியா வாட்டியது. வீடு வீடாகச் சென்று இரத்தம் எடுத்தார்கள். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் விதவையின் துயரம் நுண்ணோக்கியில் தெரிவதில்லையே! அதனை அறியக் கூடியவர்கள் வேறு. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்க வீட்டுக்கு வரும் குடும்பநல மாது, அடுப்பு எரியாத வீட்டைக் கண்டுகொள்வாள். எந்த வீட்டில் ஜனாஸா நிகழ்ந்தது, யார் ஸக்காத் பெறத் தக்கவர் என்பது பள்ளிவாசல் நிர்வாகத்தாருக்குத் தெரியும். உதவிப் பணத்துக்கு வழிகாட்டுபவர் பிரதேச செயலகத்துச் சமூகசேவை உத்தியோகத்தர். மருந்து கொடுப்பவர் வைத்தியர். நால்வரும் ஒருவரையொருவர் அறியாதிருந்தால், நோயாளியே நான்கு வாசல்களிலும் தன் கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வலுவிழந்தவளே நோயாளி என்பதை எவரும் எண்ணுவதில்லை.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. பின்னர் வட மாகாணத்தில் நடந்த முயற்சியொன்றில், வைத்தியர்களுக்கு மட்டுமன்றிப் பொதுச் சுகாதார ஊழியருக்கும் ஊர்ப் பிரதிநிதிகளுக்கும் மனநலப் பயிற்சி அளிக்கப்பட்டது. புத்தளத்தில் இதைச் செய்யப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை இந்நால்வரும் ஓரிடத்தில் அமர்ந்து, குடும்பத்தாரின் சம்மதத்துடன், ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் கலந்து பேசினால் போதும். இரகசியம் காக்கப்படுவது இன்றியமையாதது. சிற்றூரில் ஒரு சொல் வெளியேறினால் அப்பெண் மறுமுறை வரமாட்டாள்.

மற்றுமொரு சிக்கலும் உண்டு. புத்தளத்தில் வாழ்ந்தும், பலருடைய வாக்காளர் பதிவு வடக்கிலேயே இருந்தது. 2019ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க அவர்கள் பஸ் வண்டிகளில் மன்னாருக்குச் சென்றனர். வீடு ஒரு மாவட்டம், பதிவு மற்றொரு மாவட்டம் என்றிருப்பவருக்கு உதவி வழங்கும் பொறுப்பு எந்தக் காரியாலயத்தைச் சேர்ந்தது என்பதை, மேற்சொன்ன நால்வரும் தம் முதற் கூட்டத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.