இணைய ஏலத்தில் அஞ்சல் தலைகள்

ஊரைவிட்டு வந்து மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருக்கும். சொந்த ஊரிலிருந்து வந்த கடிதங்கள் அதில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். தந்தையாரோ பாட்டனாரோ ஆசையுடன் சேர்த்து வைத்த அஞ்சல் தலை ஏடும் உடன் கிடக்கும். வீடு மாற்றும்போதோ, பெரியவர் மறைந்த பின்னரோ, இவற்றை என்ன செய்வது என்ற வினா எழுகிறது. முன்னெல்லாம் ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அஞ்சல் தலை வணிகரைத் தேடிச் செல்வோம். அவர் சொன்னதே விலை. இன்றோ வீட்டிலிருந்தபடியே இணையத்தில் ஏலம் விடலாம். இந்த வசதியை எவ்வாறு நன்கு பயன்படுத்துவது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஏலத்திற்கும் அஞ்சல் தலைக்கும் உள்ள உறவு புதியதன்று. 1893ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்து நார்தாம்ப்டன் நகரில், அஞ்சல் தலை வணிகர் இருவர் கடிதம் வழியாக ஏலம் நடத்தினர். தொலைவிலிருந்தோர் தாம் தரக்கூடிய உச்ச விலையை எழுதி அனுப்பினர். மிகுதியாகக் கேட்டவருக்கே பொருள் உரியது. ஆயினும் அவர் தர வேண்டிய விலை, அடுத்தவர் கேட்ட விலையை ஒட்டியதே. பொருளியல் அறிஞர் வில்லியம் விக்ரி இத்தகைய ஏலத்தின் இயல்பை 1961இல் விளக்கினார். 1996இல் நோபல் பரிசு பெற்றார். 1995இல் தொடங்கிய ஈபே ஏலத்திலும் ஏறக்குறைய இதே முறைதான். ஒருவர் 1,000 ரூபாயும் மற்றொருவர் 700 ரூபாயும் தம் எல்லையாகக் குறித்தால், முதலாமவர் 700க்குச் சற்று மேற்பட்ட விலையில் பொருளைப் பெறுவார்.

விற்பவர் இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்று உண்டு. விலையை முடிவு செய்பவர் வென்றவர் அல்லர், அவரிடம் தோற்றவரே. ஒருவர் மட்டும் விரும்பிய பொருள் தொடக்க விலைக்கே போய்விடும். ஆகவே எவ்வளவுக்குக் குறைந்தால் நமக்கு மனம் ஒப்பாதோ, அதையே தொடக்க விலையாக வைத்தல் நன்று. பலரைக் கவரலாம் என்று எண்ணி ஒரு ரூபாயில் தொடங்கிவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை. நண்பரை ஏவி விலையை ஏற்றுவதோ வெளிப்படையான மோசடியாகும்.

இனி, எது விலைபெறும்? பழமை மட்டுமே மதிப்பாகாது. 1854இல் இந்தியா முழுமைக்குமென வெளிவந்த தலைகளுள் அரையணா நீலத் தலை பெருமளவில் அச்சாயிற்று. ஆதலின் இன்றும் அது கிட்டாத பொருள் அன்று. அதே ஆண்டின் நான்கணாத் தலையில், அரசியின் உருவம் தலைகீழாக அச்சானவை மிகச் சிலவே. அவை பெருஞ்செல்வரும் தேடும் பொருளாயின. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தலை 1947 நவம்பர் 21இல் தேசியக் கொடியுடன் வந்தது. 1948 ஆகஸ்டு 15இல் காந்தியடிகளின் உருவம் தாங்கிய நான்கு தலைகள் வந்தன. அவற்றுள் பத்து ரூபாய்த் தலையில் அரசுப் பணிக்கென மேலச்சு இட்டவை மிக அரியவை. அத்தகைய நான்கு கொண்ட தொடர் ஒன்று 2017இல் 5 இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று.

இச்செய்தியைக் கேட்டவுடன் நம் பெட்டியைத் திறந்து கனவு காண்பது இயல்பே. ஆனால் அந்தப் பத்து ரூபாய்த் தலைக்குப் போலிகள் மிகுதி. நம் ஏடுகளில் பெரும்பாலும் இருப்பவை பல இலட்சக் கணக்கில் அச்சான நினைவுத் தலைகள். அவற்றைத் தனித்தனியே ஏலம் விட்டால் அஞ்சல் செலவுக்கே காணாது. தொகுதியாக விற்பதே அறிவுடைமை.

இங்கு நாம் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கும்பகோணத்திலிருந்து கொல்கத்தாவுக்கு வந்த பழைய உறைகள் சில நம்மிடம் இருந்தன. தலை மட்டும் தூய்மையாக இருந்தால் நல்ல விலை கிடைக்கும் என்று எண்ணி, உறையை வெட்டி, நீரில் ஊறவைத்து, தலைகளைப் பிரித்தெடுத்து ஏலத்தில் இட்டோம். விலை கேட்ட அன்பர் ஒருவர், "உறை எங்கே?" என்று எழுதினார். புறப்பட்ட ஊரின் முத்திரையும், சேர்ந்த ஊரின் முத்திரையும், நாளும் தெளிவாக உள்ள முழு உறையைத்தான் அவர் தேடினார். தலை அவரிடமே பல இருந்தனவாம். காசு போனதைவிட, ஊர்ப் பெயர் பொறித்த அந்த முத்திரைகளை நம் கையாலேயே அழித்ததுதான் இன்றும் உறுத்துகிறது. ஆகவே, உறையிலிருந்து தலையை ஒருபோதும் பிரிக்காதீர்கள்.

இணைய ஏலத்தில் வாங்குபவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க இயலாது. அவருக்கு நம் படமும் நம் சொல்லுமே கண்கள். ஆதலால் முன்புறத்தைப் போலவே பின்புறத்தையும் படமெடுத்துக் காட்ட வேண்டும். ஓரத்துப் பற்களில் ஒன்று குறைந்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். பசை போயிருந்தாலும், ஒட்டிய தடம் இருந்தாலும், கடற்கரை நகரங்களின் ஈரக் காற்றால் பழுப்புப் புள்ளி விழுந்திருந்தாலும் மறைத்தல் ஆகாது. உண்மையானதா என்று நமக்கே தெரியாத உயர்ந்த தலையை, வல்லுநரின் சான்றிதழ் இன்றி உண்மையானது என்று எழுதக் கூடாது. குறையைச் சொன்னால் விலை சற்றுக் குறையலாம். சொல்லாவிட்டால் பொருள் திரும்பி வரும், பெயரும் கெடும்.

தலையை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். மழைக்காலத்தில் பசையுள்ள தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; உலர்ந்த இடத்தில் வையுங்கள். அனுப்பும்போது இரு கெட்டி அட்டைகளுக்கு இடையில் வைத்து, விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். வெளிநாட்டார் வாங்க முன்வந்தால் மற்றொன்றையும் நினைவிற் கொள்க: நூறாண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. பழந்தலைகளைப் பற்றி உரியவர்களிடம் முன்னரே கேட்டறிதல் கடமை.

இறுதியாக ஒன்று. ஏலத்திற்கு முன் பெட்டியில் உள்ளவற்றை இரு கூறாகப் பிரியுங்கள். உலகத்தார் விலை தரக்கூடியவை ஒரு பக்கம். நம் குடும்பத்தார் மட்டுமே படித்தறியக்கூடியவை மறுபக்கம். பாட்டியார் பென்சிலால் எழுதிய கடிதத்திற்கு எந்த ஏலத்திலும் இரண்டாவது ஆள் விலை கேட்க மாட்டார். அதை விற்பனைக் கட்டிலிருந்து எடுத்து, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் பேரப் பிள்ளையின் கையில் கொடுங்கள். மற்றவற்றை மனநிறைவோடு ஏலம் விடலாம்.